மூன்றாவது கியரில் யார் கை?

வாரிகல்,
ஞாயிறு, 6 ஜூன் 1993

அன்புள்ள நெரிடாவுக்கு,

மெர்வின் எழுதுவது. நான் நலம். ஸ்பானரும் நலம். ஆனால் உன் தலையணையில் படுக்கக் கூடாது என்று சொன்னால் கேட்பதில்லை. நீ சொன்னால் அந்த நாய்க்கு அது உத்தரவு, நான் சொன்னால் வெறும் யோசனை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வடக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிகிறது என்று எழுதியிருந்தாய். தொப்பி போடு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நர்ஸுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்தது. தபால் ஆபீஸ் மேவிஸ் அதைக் கையில் எடை போட்டுப் பார்த்துவிட்டு, கனமாக இருக்கிறதே என்றாள். ஆறு பக்கம். நாலரைப் பக்கம் ப்ரோல்கா முனை மருத்துவமனை, அரைப் பக்கம் நான், ஒரு பக்கம் நாம் ஒட்டகம் என்று கூப்பிடுகிற வண்டியின் கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் பக்கத்தைத்தான் முதலில் படித்திருப்பேன் என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய்.

ஒட்டகம் மூன்றாவது கியரிலிருந்து தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். பயப்படாதே. இருபத்தேழு வயது வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய வண்டி எதுவாக இருந்தாலும் இந்த வயதில் கியர்ப் பெட்டியில் ஒரு வியாதி இருக்கும். ஒன்று கியர் விழும்போது கரகரக்கும், ஒன்று எண்ணெய் ஒழுக்கும், ஒன்று இப்படிக் கழன்றுகொள்ளும். நோயாளியிடம் நீ கேட்பது போல நான் உன்னிடம் கேட்கிறேன், நிதானமாகப் பதில் எழுது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கழல்கிறதா, மேட்டில் இழுக்கும்போதா? கழல்வதற்கு முன் கியர் கம்பி நடுங்குகிறதா, இல்லை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறதா? ஆறு எதையாவது கடந்தாயா? பெட்டியில் இருக்கிற எண்ணெய் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் ஓட்டாதே. எப்படியும் இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்கு. மூன்றாவதை நம்பாதே.

பவர்ஹவுஸ் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ரோரி மகின்டி என்பவர், கியர் கழலாமல் இருக்க டியூப் ரப்பரால் கம்பியைச் சீட்டோடு இழுத்துக் கட்டிக் கொடுத்தார் என்று எழுதியிருந்தாய். நல்ல மனிதர். அவருக்கு என் நன்றியைச் சொல். சொல்லிவிட்டு ரப்பரை அவிழ்த்துவிடு. பட்டறைச் சுவரில் நான் எழுதி மாட்டிய பலகை நினைவிருக்கிறதா? கியர் கம்பி கை வைத்து ஓய்வெடுக்க அல்ல. எத்தனை வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! கம்பியின் மேல் எந்தக் கனம் இருந்தாலும், உள்ளே கியரைத் தள்ளுகிற பித்தளை ஃபோர்க் சுற்றுகிற வளையத்தோடு ஓயாமல் உரசித் தேயும். கையின் கனமும் ஒன்றுதான், ரப்பரின் இழுப்பும் ஒன்றுதான். ஜெனரேட்டருக்குக் கியர் கிடையாது, அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. நேற்று பழுது பார்த்த ட்ராக்டரை லாரியில் ஏற்றிக் கொடுக்க டன்லெவி பண்ணைக்குப் போய் வந்தேன். வழியில் மாட்டு வேலிகளுக்கு ஒன்பது கேட். பக்கத்து இருக்கையில் ஸ்பானர் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கேட் வந்தால் என்னைப் பார்க்கிறது. ஓட்டுகிறவன் ஓட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் இறங்கிக் கேட் திறக்க வேண்டும், இந்த நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த சட்டம் நாய்க்கு மட்டும் தெரியவில்லை. நானே இறங்கி, திறந்து, ஏறி, ஓட்டி, இறங்கி, மூடி, மறுபடி ஏறினேன். பதினெட்டு வருடம் நீ இதைச் செய்தபோது எனக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

நீ திரும்பி வர இன்னும் நூற்றுப் பதினேழு நாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. காலண்டர் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது, கண்ணில் படுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒட்டகத்தையும்.

உன் அன்புள்ள,
மெர்வின்


வாரிகல்,
ஞாயிறு, 27 ஜூன் 1993

அன்புள்ள நெரிடாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சௌக்கியமாக இருப்பது அறிந்து சந்தோஷம். கடற்கரைப் பண்ணையில் அந்தப் பெண்ணுக்கு விளக்கு வெளிச்சத்தில் இரட்டைக் குழந்தை பிறந்ததை எழுதியிருந்தாயே, அதை மேவிஸுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினைந்து வருடம் என் பட்டறையில் போன் எடுத்து, நட்டு போல்ட்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நெரிடா இப்படி ஒரு வேலை செய்கிறவளா என்று ஊரே கேட்கிறது. எனக்குப் பெருமைதான். எழுதி வைத்தால் நீ நம்புவாய் என்று எழுதுகிறேன்.

இனி கியர்பாக்ஸ். இறக்கத்தில் காலை எடுக்கும்போது கழல்கிறது, கம்பி நடுங்கவில்லை, எண்ணெய் சுத்தம். நல்லது. இதுவரைக்கும் படித்தபோது எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு அடுத்த வரியில்தான் ரோரி மகின்டி ரென்ச்சை எடுத்துக்கொண்டு வருகிறார்.

ஒட்டகத்தின் பெட்டியில் ஸ்பிரிங் மூடியைத் திறந்தாராம். கியரை இடத்தில் பிடித்து வைக்கும் குண்டுக்கு மேலே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்றாராம். அடியில் ஒரு வாஷர் போட்டு மூடினாராம். ஒன்பது நாளாகக் கழலவே இல்லையாம். நெரிடா, அந்தப் பெட்டியை 85 வெள்ளத்துக்குப் பிறகு நான் திறந்து மூடியதிலிருந்து வேறு மனிதன் கை பட்டதில்லை. ஒவ்வொரு போல்ட்டும் என் கை முறுக்கியது. அந்த மூடியில் என்ன பசை தடவினேன் என்பது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை ஒருவர் காபி டின் திறப்பது போலத் திறந்திருக்கிறார். அது வேலையும் செய்திருக்கிறது. வேலை செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டுப்போயிருந்தால் மன்னித்திருப்பேன்.

வாஷர் போடுவது வலி மாத்திரை கொடுப்பது. நோய் உள்ளே இருக்கிறது, பார்த்துக்கொண்டே இரு, பத்தாவது நாளோ இருபதாவது நாளோ திரும்ப வரும். வரும்போது எண்ணெயைக் கொஞ்சம் வடித்து ஒரு ஜாம் பாட்டிலில் எனக்கு அனுப்பு. எண்ணெயைப் பார்த்தால் நான் சொல்லிவிடுவேன். அதை வடிக்கவும் மகின்டியைக் கூப்பிட வேண்டாம், அடியில் இருக்கிற பெரிய போல்ட், பதினேழாம் நம்பர், நீயே செய்யலாம்.

இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மேவிஸிடம் படித்துக் காட்டியபோது அந்தப் பக்கமும் சேர்ந்து வந்துவிட்டது. சனிக்கிழமை பாரில் நுழைந்ததும் ஸ்டான் கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "என்ன மெர்வ், உன் பொண்டாட்டி பெட்டியைத் திறக்கறதுக்கு அங்க வேற ஆள் வச்சிட்டாங்களாமே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் பீரை முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மருத்துவமனையில் உன்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, மூன்று வரியில் எழுதியிருக்கிறாய். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு மூன்று வரி. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். உன் இஷ்டம். நீ ஆறு மாதம் என்று சொல்லிப் போனாய், அதற்குத்தான் ஒட்டகத்தையும் தயார் செய்து கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு என்று தெரிந்திருந்தால் டயரை வேறு மாதிரி பார்த்திருப்பேன். வேறு ஒன்றும் இல்லை.

இங்கே குளிர் அதிகம். காலையில் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கிறது.

உன்,
மெர்வின்


வாரிகல்,
ஞாயிறு, 18 ஜூலை 1993

நெரிடாவுக்கு,

ஜாம் பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. நான் சொன்னது போலவே கியர் மறுபடியும் கழல ஆரம்பித்துவிட்டது என்று கூடவே வந்த உன் கடிதத்தில் படித்தேன். வலி மாத்திரையின் வேகம் அவ்வளவுதான். இதை மகின்டியிடம் சொல்.

எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் உள்ளே இருப்பது அடியில் படியும். கறுப்புத் தூள் என்றால் பல் தேய்கிறது. வெள்ளி ஊசி மாதிரி இருந்தால் பேரிங். உன் தட்டில் படிந்தது மஞ்சள். முழுக்க முழுக்கப் பித்தளைப் பொடி, தங்கம் அரித்தவன் தட்டில் மாதிரி மினுங்கியது. கியர் விழும்போது கரகரப்பு இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், ஆகவே கியர்களைச் சேர்க்கிற பித்தளை வளையங்கள் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது ஒன்றுதான். மூன்றாவது கியரைத் தள்ளுகிற ஃபோர்க் தேய்ந்துவிட்டது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது என்று தெரிந்துவிட்டது.

நான் கொடுத்தபோது அந்தப் பெட்டியில் எல்லாம் புதிது. ஃபோர்க் தானாகத் தேயாது. கம்பியின் மேல் மணிக்கணக்காக ஒரு கை கிடந்தால்தான் தேயும். ரப்பரை நீ மறுநாளே அவிழ்த்துவிட்டாய். உன் கை இல்லை. நீ ஓட்டும்போது இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருக்கும், தட்டில் முட்டை கொண்டு போகிறவள் மாதிரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். அப்படியானால் அங்கே ஒட்டகத்தை ஓட்டுகிற வேறொரு ஆள் இருக்கிறான். இடது கையைக் கம்பியில் சாய்த்துவைத்துக்கொண்டு, சாவகாசமாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் கதை பேசிக்கொண்டு ஓட்டுகிற ஆள். ஒரு தடவை இரண்டு தடவை ஓட்டினால் இவ்வளவு மஞ்சள் வராது.

உன் கடிதத்தில் இருக்கிற வரியை நான் அப்படியே எழுதுகிறேன், நான் கற்பனை செய்கிறேன் என்று சொல்லாதே: "மிட்சல் பண்ணைக்குப் போகிற வழியில் பதினொரு கேட், ரோரி இறங்கித் திறந்து மூடியே களைத்துவிட்டார், நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்." அந்தப் பண்ணையில் காலொடிந்த ஆள் ஒருவருக்குக் கட்டுப் போடப் போனாயாம், அவனுக்கு அங்கே தண்ணீர் பம்ப் பார்க்க வேண்டியிருந்ததாம். நல்ல பொருத்தம். போன கடிதத்தில் அவன் அக்கார்டியன் வாசிப்பான் என்று எழுதியிருந்தாய். அதற்கு முந்தைய கடிதத்தில் அவன் மீன் சுடுகிற விதம். எனக்கு அக்கார்டியனும் தெரியாது, மீனும் தெரியாது. இங்கே ஆறு மாதமாக ஆற்றில் தண்ணீரே இல்லை. எனக்குத் தெரிந்தது கியர்பாக்ஸ் ஒன்றுதான், அது பொய் சொல்லாது.

இரண்டு வருடம் ஏன் என்று இப்போது புரிகிறது. என் சம்மதம் எதற்கு? கையெழுத்துப் போடு. ஒட்டகத்தையும் வைத்துக்கொள். ஃபோர்க் மாற்ற வேண்டுமானால் அவனிடமே சொல், அவனுக்குத்தான் மூடியைத் திறக்கத் தெரியுமே.

மெர்வின்


வாரிகல்,
ஞாயிறு, 22 ஆகஸ்ட் 1993

அன்புள்ள நெரிடாவுக்கு,

நாலு வெள்ளிக்கிழமை விமானம் வந்து போனது. நாலு வாரமும் மேவிஸ் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாவது வாரம் அதையும் ஆட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். போன கடிதத்தைத் தபாலில் போட்ட அன்று சாயங்காலமே அதைத் திரும்பக் கேட்டு அவளிடம் போனேன். பையைக் கட்டி முத்திரை வைத்தாகிவிட்டது, அது அரசாங்கச் சொத்து என்று சொல்லிவிட்டாள். இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அதனால் நான் எழுதியது எழுதவில்லை என்றாகாது.

வியாழக்கிழமை மாட்டு லாரிக்கார பெர்ட் ஒயட் வந்தான். வழக்கமாகப் பட்டறைக்கு வந்து நிறுத்துகிறவன் இல்லை. பின்னால் கதவைத் திறந்து, உனக்கு ஒரு பார்சல், இடுப்பை ஒடித்துவிட்டது என்றான். ப்ரோல்கா முனை மருத்துவமனையின் சாம்பல் நிறக் கம்பளியில் சுற்றி, காயத்துக்குக் கட்டுகிற துணியால் முடிச்சுப் போட்டு, ஒட்டகத்தின் கியர்பாக்ஸ். கூடவே மாத்திரை உறைகள் முப்பத்தாறு. ஒவ்வொன்றிலும் போல்ட், ஒவ்வொன்றின் மேலும் உன் கையெழுத்து. மேல் மூடி, முன், இடது. மேல் மூடி, முன், வலது. என் பட்டறையில் சம்பளத்துக்கு இருந்த எவனும் இவ்வளவு சுத்தமாகப் பெட்டி இறக்கியதில்லை. நீதான் வண்டிக்கடியில் படுத்து இரண்டு நாளில் இறக்கினாய், மகின்டி சங்கிலியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு போல்ட்டைத் தொடவும் நீ விடவில்லை என்று பெர்ட் சொன்னான்.

கம்பளிக்குள் ஒரு சீட்டு இருந்தது. அதில் ஒரு வரி. "கை யாருடையது என்று பெட்டியையே கேள், மெர்வ்." வேறு ஒன்றும் இல்லை. அன்பு, இப்படிக்கு, எதுவும் இல்லை.

உடனே திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெர்ட்டை பாரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பழுதுக்கு வந்து நின்ற டன்லெவியின் வண்டியை எடுத்தேன். ஊர் எல்லைக் கேட் வரைக்கும் பெர்ட் அவனுடைய மாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அல்லது கேட்கிற மாதிரி இருந்தேன். அப்போது அவன் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "கையை எடுப்பா. உன் பலகையில நீயே எழுதி வச்சிருக்கே" என்றான்.

என் இடது கை கியர் கம்பியின் மேல் கிடந்தது. வைத்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. எடுத்தேன். கேட் வந்தது, பெர்ட் இறங்கித் திறந்தான், நான் வண்டியை உள்ளே விட்டேன். அவன் மூடிவிட்டு ஏறினான். பத்தடி போவதற்குள் பார்த்தால் கை மறுபடியும் அங்கே இருக்கிறது. பெர்ட் சிரித்தான். அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "உனக்கு எப்பவும் இதே பழக்கம்தானே. நெரிடா பக்கத்துல இருந்தா அவ கையும் உன் கை மேல இருக்கும். எதிர்ல லாரியில வர்றவனுக்கு மேலயிருந்து எல்லாம் தெரியும் மெர்வ்."

அவனை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன்.

ஃபோர்க்கை வெளியே எடுத்துத் துடைத்தேன். ஒரு பக்கம் மட்டும், நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்து தேய்ந்திருக்கிறது. அந்தப் படியின் மேல் எண்ணெய் காய்ந்து, பழைய டீ டம்ளருக்குள் பிடிக்கிற மாதிரி பழுப்புக் கறை. விளிம்பில் மட்டும் தலைமுடி அகலத்துக்குப் பளபளப்பு. அந்தப் பளபளப்புதான் இந்த வருடத்துத் தேய்மானம். பழுப்பு பிடிக்க வருடக்கணக்காகும். உன் ஐந்து மாதத்தில் வராது. ஐந்து மாதம் இரவும் பகலும் அக்கார்டியன் வாசித்துக்கொண்டு ஓட்டினாலும் வராது.

அதன் முதுகில் ஒரு புள்ளிக் குத்து இருந்தது. என் சுத்தியல், என் ஆணி. அளந்தேன், எல்லைக்கு வந்துவிட்டது, அடுத்த முறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொள்கிற அடையாளம் அது. 85 வெள்ளம் வடிந்த சமயம் உன் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது, ராக்ஹாம்ப்டனுக்குப் போக வண்டி வேண்டும் என்று நீ வாசலில் பையோடு நின்றாய். புது ஃபோர்க் கப்பலில் வர ஆறு வாரம் என்றார்கள். பழையதையே துடைத்துப் போட்டு மூடினேன். உன்னிடம் எல்லாம் புதிது, நமக்குப் பிறகும் ஓடும் என்று சொன்னேன். உன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு அதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. பிறகு நானே அதை நம்பிவிட்டேன். ஏப்ரலில் உன்னை அந்தப் பெட்டியோடு எழுநூறு மைல் அனுப்பினேன். இறக்கத்தில் அது கழன்று உனக்கு ஏதாவது ஆகியிருந்தால், நெரிடா! அதற்கு மேல் யோசிக்க என்னால் முடியவில்லை.

அன்று ராத்திரி உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி மறுபடி படித்தேன். மிட்சல் பண்ணை வரியில் வந்து நின்றேன். ரோரி இறங்கித் திறந்து மூடியே களைத்துவிட்டார். இறங்கியவர் ரோரி. அப்படியானால் ஓட்டியது நீ. பதினொரு கேட்டுக்கும் நீதான் ஓட்டியிருக்கிறாய். இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, அதை நானே ஜூன் மாதம் உனக்கு எழுதியிருக்கிறேன், ஜூலையில் அந்த வரியைக் கையால் பெயர்த்து எழுதிக்கொண்டே அது உன்னைக் குற்றம் சொல்வதாக நினைத்தேன். வயிறு எரிகிறவனுக்குக் கண் தெரிவதில்லை.

மன்னித்துக்கொள். இந்தச் சொல்லை நான் உனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சொன்னதும் அதிகம் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இனிமேல் பழையதைத் துடைத்துப் போட்டுவிட்டுப் புதிது என்று சொல்ல மாட்டேன். எனக்கு மகின்டி மேல் பொறாமை இன்னும் போகவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. முன்பு அவர் உன்னை ஓட்டிக்கொண்டு போகிறார் என்று எரிந்தேன். இப்போது நீ ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார் என்று எரிகிறேன். பதினெட்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூட உன் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. எப்போதும் சாவி என் கையில். மழையிலும் புழுதியிலும் நீதான் இறங்கினாய், கேட்டைத் திறந்தாய், நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்தேன். நீ ஏறி வந்து குளிர்ந்த கையை என் கை மேல் வைப்பாய், கியர் கம்பியில். அதற்காகத்தான் என் கை அங்கேயே கிடந்தது. ஊருக்கெல்லாம் பலகை மாட்டிவிட்டு நான் கையை எடுக்காமல் இருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஃபோர்க்கைத் தேய்த்தது என் கை. என் கை மேல் இருந்தது உன் கை.

பலகையைக் கழற்றிவிட்டேன். ஸ்டான் ஏன் என்று கேட்டான். நடந்ததை முழுக்கச் சொன்னேன், கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

வியாழன் ராத்திரியே போனில் சொன்னேன், புது ஃபோர்க் டவுன்ஸ்வில்லிலிருந்து வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்துவிட்டது. உண்மையாகவே புதிது. பெட்டியை மூடிவிட்டேன், மகின்டி போட்ட வாஷரை எடுக்கவில்லை. அளந்து பார்த்தேன், சரியான கனத்தில்தான் போட்டிருக்கிறார். அவரிடம் சொல். இல்லை, நானே சொல்கிறேன்.

இரண்டு வருடத்தைப் பற்றி நீ கேட்டதற்கு, உன் இஷ்டம் என்று எழுதினேன். அது பதில் இல்லை. பதில் இதுதான்: நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் அந்த இரட்டைக் குழந்தைகளை நீ வெளியே எடுத்ததைப் படித்தபோது, இந்தப் பதினைந்து வருடம் என் பட்டறை போனை எடுக்க உன்னை உட்கார வைத்தது யார் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கையெழுத்துப் போட வேண்டும் என்று உன் மனம் சொன்னால் போடு. என்னைப் பார்த்து நிறுத்தாதே.

பெர்ட் அடுத்த மாதம் பத்தாம் தேதி வடக்கே திரும்புகிறான். பெட்டியை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறான். அவன் லாரியில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது, என்னையும் ஸ்பானரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறான். அங்கே பழைய வண்டிகள் ஏராளம் என்றும், எல்லாவற்றுக்கும் பெட்டியில் ஏதாவது வியாதி என்றும் சொல்கிறான். நீ "வராதே" என்று ஒரு வரி எழுதினால் பெட்டி மட்டும் வரும். எப்படி மாட்டுவது என்று தாளில் படம் போட்டு அனுப்புகிறேன், நீ என்னைவிடச் சுத்தமாக மாட்டுவாய்.

"வா" என்று எழுதினால், நானே கொண்டுவந்து ஒட்டகத்தின் வயிற்றில் மாட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியை உன்னிடம் தருகிறேன். மிட்சல் பண்ணைக்குப் போ, கடற்கரைக்குப் போ, எங்கே வேண்டுமானாலும் போ. நீ ஓட்டு, நெரிடா. கேட் திறக்க நான் இறங்குகிறேன்.

உன்,
மெர்வின்